இரும்புச்சத்து யாருக்குக் குறைவு?

உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி குடித்து வைத்த சத்து டானிக் புட்டி ஒன்றும், யாருக்கோ எப்பொழுதோ எழுதிக் கொடுத்த மாத்திரைப் பட்டை இரண்டொன்றும் அங்கே இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தன. என் மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது முதல் இருபத்தொரு வயது வரை, விட்டு விட்டு, இரும்புச்சத்து டானிக்கும் மாத்திரையும் கொடுத்து வந்தேன். எந்த மருத்துவரும் ஒன்பது ஆண்டுகள் கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் ஒருவர் மூன்று மாதங்களுக்கு எழுதிக் கொடுத்தார். மற்றவை யாவும் நானாகக் கடையில் வாங்கியவை.

பெண் சற்று வெளிறியிருப்பாள். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் பத்தரை, பதினொன்று என்று வரும். பெண்களுக்குப் பன்னிரண்டு கிராமாவது இருக்கவேண்டும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆகவே முருங்கைக்கீரை, பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் என்று வீட்டில் ஒரு படையே திரண்டது. மாதங்கள் ஓடும், மறுபடி பார்ப்போம், அதே பத்தரை, பதினொன்று. "ஒழுங்காகக் குடித்தாயா?" என்று அவளைத்தான் கடிந்துகொள்வேன். குடித்தேன் என்று அவள் அழுத நாட்களும் உண்டு. நான் நம்பவில்லை.

2022ஆம் ஆண்டில் அவளுக்கும் என் தம்பி மகனுக்கும் திருமணப் பேச்சு முடிந்தது. எங்கள் குடும்பத்தில் சொந்தத்திலேயே கொண்டு கொடுத்துப் பழக்கம். என் கணவரும் எனக்கு மாமி மகன்தான். என் வாப்பாவின் கூடப்பிறந்த தங்கையின் மகன். திருமணத்துக்கு முன் பெண்ணைத் தேற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்நாளில் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து சலுகை விலையில் 'முழு உடல் பரிசோதனை' என்று அறிவிப்பு வந்தது. வீட்டுக்கே ஆள் வந்து இரத்தம் எடுப்பார்களாம். எனக்கும் மகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன்.

பல பக்கங்களில் அறிக்கை வந்தது. இரும்பு, சுண்ணாம்பு, துத்தநாகம், தாமிரம், மக்னீசியம் என்று வரிசை வரிசையாக எண்கள். சில எண்களுக்கு அருகில் சிவப்பு அம்புக்குறி மேல்நோக்கி, சிலவற்றுக்குக் கீழ்நோக்கி. அம்பு கீழே நோக்கினால் மாத்திரை வேண்டும், மேலே நோக்கினால் நிறுத்தவேண்டும் என்றுதான் நான் எண்ணினேன். நீங்களும் அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். அந்தக் கணக்கின்படி மகளுக்குத் துத்தநாகம் குறைவு, இரும்பு அதிகம். எனக்குச் சுண்ணாம்பு குறைவு, இரும்பும் குறைவு. இரண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் குறைவு. இரும்பு அதிகமாயிருக்கும் பெண்ணுக்கு இரத்தம் ஏன் குறைகிறது? அங்கேதான் என் கணக்கு இடறியது. மருந்துக் கடைக்குப் போவதற்காக எடுத்த பையைக் கீழே வைத்துவிட்டு, திருநெல்வேலியில் இரத்த நோய்களுக்கென்றே படித்த ஒரு டாக்டர் அம்மையாரிடம் மகளை அழைத்துச் சென்றேன்.

அவர் முதலில் கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது. "இரத்தம் எடுத்த அன்று காலையில் மாத்திரை போட்டாயா?" போட்டிருந்தாள். இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் ஏறிவிடும். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்குமே மாறும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து உடம்பில் இரும்பு கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது. அடுத்த கேள்வி, "அன்று காய்ச்சல் இருந்ததா?" இருந்தது, சளிக் காய்ச்சல். காய்ச்சல் நேரத்தில் இரத்தத்திலுள்ள துத்தநாகம் தானே இறங்குமாம். காய்ச்சல் தீர்ந்த பின் பார்த்தால் சரியாகியிருக்கும். அதை நம்பி மாதக்கணக்கில் துத்தநாக மாத்திரை விழுங்கினால் அது தாமிரத்தை உடம்பில் சேரவிடாது. தாமிரம் குறைந்தால் அதனாலேயே இரத்தசோகை வரும். நான் வாங்கப் போன மாத்திரை அதுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

என் சுண்ணாம்புக் கணக்கையும் அவரே பார்த்தார். இரத்தத்தில் சுண்ணாம்பின் ஒரு கணிசமான பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. ஆல்புமின் குறைந்தால் சுண்ணாம்பும் குறைந்தாற்போல் தெரியும். எனக்குச் சுண்ணாம்பு 8.4, ஆல்புமின் 3.4. ஈடுகட்டிப் பார்த்தால் 8.9 வருகிறது, குறையே இல்லை. அதோடு உடம்பின் சுண்ணாம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. இரத்தத்தில் ஓடும் சிறுபகுதியை உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது சமநிலையில் வைத்துக்கொள்ளும். ஆகையால் அந்த எண்ணைப் பார்த்து நாம் பால் குடித்தோமா இல்லையா என்றோ, எலும்பு உறுதியா என்றோ சொல்லிவிட முடியாது. மக்னீசியமும் ஏறக்குறைய அப்படித்தான். நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 'இயல்பு அளவு' என்று அறிக்கையில் அச்சிடுகிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர் நூறு பேரை எடுத்தால் தொண்ணூற்றைந்து பேருக்குப் பொருந்தும்படி வகுத்தது. மீதி ஐந்து பேர் நோயாளிகள் அல்லர். இருபது சோதனைகளை ஒன்றாகச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஓர் அம்புக்குறியாவது விழ வாய்ப்பு மிகுதி. சலுகை விலைக்கு நான் வாங்கி வந்தவற்றில் பாதி அம்புக்குறிகள்தாம்!

பிறகு அவர், நான் கவனிக்காமல் தாண்டிப்போன இரண்டு எண்களைச் சுட்டிக் காட்டினார். ஒன்று எம்.சி.வி.; சிவப்பணு ஒவ்வொன்றின் பருமன். எண்பதுக்கு மேல் இருக்கவேண்டிய அது மகளுக்கு 64. மற்றொன்று சிவப்பணுக்களின் எண்ணிக்கை. அவளுக்கு 56 இலட்சம். இரும்புச்சத்து இல்லாதவர்களுக்கு அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். இவளுக்கோ அணு மிகச் சிறிது, எண்ணிக்கை மிக அதிகம். 64ஐ 5.6ஆல் வகுத்தார்: பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு. பதின்மூன்றுக்குக் கீழே போனால் இரும்புக் குறையைவிட வேறொன்றைச் சந்தேகிக்கவேண்டும் என்பது மென்ட்ஸர் என்பவர் 1973இல் சொன்ன கணக்காம். முடிவு கூறும் கணக்கு அன்று. சந்தேகம் எழுப்பும் கணக்கு. எனக்கோ 70, எண்ணிக்கை 42 இலட்சம். வகுத்தால் பதினாறுக்கு மேல்.

இருவருக்கும் ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது காட்டும். பதினைந்துக்குக் கீழே இறங்கினால் சேமிப்பு தீர்ந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். காய்ச்சலும் வீக்கமும் இருந்தால் இந்த எண் பொய்யாக உயரும் என்பதால், மகளுக்குச் சளி முற்றும் தீரும்வரை காத்திருந்து எடுத்தோம். எனக்கு 6. மகளுக்கு 140.

ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே வெளிறிய முகம். ஒன்பது ஆண்டு டானிக் குடித்தவளுக்கு அது வேண்டியதில்லை. வேண்டியவள் அதைக் குடிக்கவே இல்லை; கரண்டியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உடம்புக்குள் வந்துவிட்ட இரும்பை வெளியேற்ற நமக்கு வழி கிடையாது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் தானாகக் கழியும். என் மகளின் சேமிப்பு அபாய அளவைத் தொடவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் குறைக்குக் காரணம் உணவு மட்டுமன்று. மாதந்தோறும் எனக்கு ஏழெட்டு நாட்கள் மிகுதியாகப் போகும். பெண்பிறவிக்கு அது இயற்கை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அதற்கான வைத்தியம் நடந்தது. அது வேறு கதை. இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கச் சொன்னார். ஒரு மாத்திரை விழுங்கியதும் ஹெப்சிடின் என்னும் சுரப்பு எழுந்து, மறுநாள் வரை குடலின் கதவைச் சாத்திவிடுமாம். தினமும் கொட்டினால் எல்லாம் உள்ளே போகாது. தேநீர், காப்பி, பால், சுண்ணாம்பு மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கக்கூடாது. அந்த ஆண்டு நோன்பில் எனக்கு இது பெரும் சோதனை. கஞ்சியும் தேநீருமாக நோன்பு திறந்த கையோடு மாத்திரையையும் போடுவேன். அது அத்தனையும் வீண். பிறகு இரவு உறங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். பேரீச்சம்பழத்தைப் பற்றியும் கேட்டேன். நூறு கிராம் பழத்தில் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்புதான் உண்டு என்றார். ஆசையோடு சாப்பிடுங்கள்; மருந்தென்று நம்பியிருக்காதீர்கள்.

இனி மகளின் கதை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்று செய்தார்கள். ஏ2 என்ற வகை மூன்றரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவளுக்கு 5.2. தலசீமியாவைச் சுமப்பவள் என்று டாக்டர் சொன்னார். நோயாளி அல்லள், படிக்கலாம், ஓடலாம், மணக்கலாம், பிள்ளை பெறலாம். அவளுடைய இயல்பான அளவே பத்தரை, பதினொன்றுதான். ஆனால் கணவனும் அதையே சுமப்பவனாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு, பெரும் தலசீமியாவோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுதும் இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பே இதயத்திலும் ஈரலிலும் படிந்து உயிரைக் குடிக்க வரும். அதை அகற்றத் தனி மருந்து வேண்டும். சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி மக்களிடையே இது அதிகம். நம் பக்கத்தில் குறைவு, இல்லாமலில்லை.

என் கணவருக்குப் பார்த்தோம். அவரும் சுமப்பவர். ஐம்பது வயது வரை அவருக்கும் தெரியாது. அவருடைய தாயிடமிருந்து வந்திருந்தால், அதே இரத்தம் என் வாப்பாவுக்கும், வாப்பா வழியாக எனக்கும் என் தம்பிக்கும் வந்திருக்கக்கூடும். என் சோதனையை உடனே நம்ப வழியில்லை; இரும்பு மிகக் குறைந்திருந்தால் ஏ2 அளவும் இறங்கி உண்மையை மறைக்கலாமாம். மூன்று மாதம் மாத்திரை எடுத்து, ஃபெரிட்டின் 38க்கு ஏறிய பிறகு பார்த்தோம். அணுவின் பருமன் 82, ஏ2 2.8. நான் சுமக்கவில்லை. ஆனால் தம்பி?

தம்பி வீட்டில் இதை எப்படிச் சொல்வது? மாப்பிள்ளைக்கு இரத்தம் பார்க்கவேண்டும் என்றதும் மதினியின் முகம் மாறிவிட்டது. "குறை உங்க பொண்ணுக்கு. சோதனை எம் புள்ளைக்கா?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, நான் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வாரம் பேச்சு வார்த்தை இல்லை. திருமணம் நின்றுவிட்டது என்றே நினைத்து, வாங்கிய புடவைகளை மடித்து உள்ளே வைத்தேன். மகளோ, "உம்மா, நின்னா நிக்கட்டும். தெரியாம மட்டும் வேண்டாம்" என்றாள். டானிக் குடித்தேன் என்று அவள் சொன்னதை நம்பாத நான், இதை நம்பினேன்.

ஒருநாள் மாப்பிள்ளையே, எவரிடமும் சொல்லாமல், பாளையங்கோட்டையில் சோதனை செய்து தாளை எங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தான். அணுவின் பருமன் 88. ஏ2 2.7. 2023இல் திருமணம் நடந்தது. மறு ஆண்டு மகள் கருவுற்றபோது சுகாதார நிலையத்தில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். "எனக்குத்தான் இரும்பு கூடாதே" என்று அவள் திருப்பிக் கொடுக்கப் போனாள். பொறு என்று ஃபெரிட்டின் பார்த்தோம், 19. டானிக்கை நிறுத்தி இரண்டு ஆண்டுகள். கருவின் தேவை வேறு. இம்முறை மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னார், ஒழுங்காகப் போட்டாள். சுமப்பவர்களுக்கும் இரும்பு குறையலாம்.

அந்த நாட்களில் ஒரு மாலை மதினி வந்தார். திருமணம் முடிந்தும் எங்களுக்குள் அந்தப் பழைய சொல் ஒரு சிறு முள்ளாய்க் கிடந்தது. கையில் தம் இளைய மகளின் இரத்தச் சோதனைத் தாளும், அன்றுதான் வாங்கிய டானிக் புட்டியும் இருந்தன. புட்டியின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. "இவளுக்கும் பத்தரைதான் இருக்கு. உங்களுக்குத்தான் பார்க்கத் தெரியுமே" என்று தாளை நீட்டினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரும் ஒரே பாயில் அமர்ந்தோம். அணுவின் பருமன் 66. எண்ணிக்கை 54 இலட்சம். நான் வகுத்துக் கொண்டிருக்கும்போதே மதினி புட்டியை எடுத்துத் தம் பைக்குள் வைத்துவிட்டு, "ஃபெரிட்டினுக்கு நாளைக்குப் போவோமா?" என்று கேட்டார்.