கதவில்லாத வீடு

மணவாள நகரில் குடியேறிப் பல ஆண்டுகள் வரை, காலை ரயிலைப் பிடிக்க ஓடும் அவசரத்தில், ஏரிக்கரை ஓரமாக இருளர் குடிசைகள் இருப்பதே எனக்குத் தெரியாது. கணக்கெடுப்பு ஒன்றுக்கு ஆள் குறைகிறது என்று நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றது ஒரு மாசி மாதத்தில்.

செவிலியர்கள் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்ப்பது பழங்குடிக் குடும்பங்களுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதே கேள்வி. படிவத்தில் மூன்று கட்டங்கள்: பார்த்தார்கள், பார்க்கவில்லை, வீடு பூட்டியிருந்தது. பதினொரு குடிசைகளில் நான்கில் ஆளில்லை. மூன்றாவது கட்டத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். விறகு பிளந்துகொண்டிருந்த மூதாட்டி என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பூட்டறதுக்குக் கதவு எங்க சாமி இருக்குது?"

உண்மைதான். வாசலில் பழைய பேனர் ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சூளைக்குப் போயிருக்குதுங்க. ஆடிக்குத்தான் வரும். எம் மவளும் போயிருக்குது, ஏழு மாசம்."

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் அது கழியும்வரை எளிதில் வெளியேற முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். இருளரோ, தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையென்று அரசு வகுத்துள்ள ஆறு பழங்குடிகளுள் ஒருவர்.

பூட்டிய வீடுகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. எஞ்சிய ஏழு குடிசைகளுக்கும் செவிலியர் வந்து போயிருந்தார். ஆக, நூற்றுக்கு நூறு. செவிலியர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு மாதக் கர்ப்பிணி எங்கள் கணக்கில் எங்குமே இல்லை.

கட்சிரோலி பற்றிப் பின்னர் படித்தபோது இந்த நாள் மறுபடியும் உறுத்தியது. மகாராஷ்டிரத்தில் கோண்டு மக்கள் நிறைந்த மாவட்டம் அது. மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளை எடைபார்த்தார்கள். கதகதப்பாக வைத்திருக்கக் கற்பித்தார்கள். கிருமித்தொற்றைக் கண்டால் ஊசியும் போட்டார்கள். இத்திட்டம் இல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. 2011-இல் இது தேசியத் திட்டமானது: மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறையும், வீட்டில் பிறந்ததை ஏழு முறையும் ஆஷா பணியாளர் சென்று பார்க்க வேண்டும்.

என்னை நிறுத்தியது அந்த 62 அல்ல, அதை எண்ணிய விதம். எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதைக் கொண்டு அவர்கள் வெற்றியை அளக்கவில்லை. இருவகைக் கிராமங்களிலும் ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் பதிந்தார்கள். போகாமல் விட்ட வீட்டின் குழந்தையும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே அதன் மரணம் திட்டத்தின் தோல்வியாகவே பதிவாகும். எங்கள் படிவத்திலோ விடுபட்டவர்கள் வெற்றியைக் கூட்டித் தந்தார்கள்.

வீடு தேடிச் செல்வது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு வருகைகளுக்கு 42 நாட்கள் ஒரே இடத்தில் இருக்கும் தாய் வேண்டும். சூளைக்குப் பெயர்ந்த தாயைத் தேடி யாராவது சூளைக்கும் போகவேண்டும். அதற்கு முதலில் படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்று தேவை: எங்கே போயிருக்கிறார்கள்?

அன்று அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்காமலே அந்த மூதாட்டி சொன்னார். எழுத இடமில்லையென்று அடுத்த குடிசைக்கு நகர்ந்துவிட்டேன். ஆடி வந்தது. நான் போய் விசாரிக்கவில்லை.