பந்து எங்கே, சொல்லும்மா

சித்தப்பா மகளின் கல்லூரி ஹாக்கிக் குழு, புதிய பருவம் தொடங்குமுன் நான்கு நாள் பயிற்சிக்காகக் கேமரன் மலைக்கு வருகிறது என்றதும் வானொலியில் விடுப்புக் கேட்டேன். "ஹாக்கி பார்க்கவா லீவு?" என்று சிரித்தார்கள். அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாளும் அதே வாரத்தில் வந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இருபது வயது, கோல் காவலர். 2018இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவுடன் 2-2 என்று சமநிலை. பிறகு பெனால்டி முறையில் மலேசியா 7-6 என்று வென்றபோது, எங்கள் கோல் காவலர் எஸ். குமார் கடைசி இந்திய ஆட்டக்காரரைத் தடுத்தாரே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றே இவள் தலையணையைக் காலில் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். இறுதியில் ஜப்பானிடம் 6-6 என்று முடிந்து பெனால்டியில் தோற்றோம். தங்கம் கிடைத்திருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடி வாய்ப்பு. 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு நம் ஆண்கள் குழு ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை என்பதை அப்பா மாதம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் 24 பேர். பட்டியலில் இடம் 18 பேருக்கு. கோல் காவலர்கள் மூன்று பேர், எடுப்பது இருவரை. பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி, அவள் குழுவில் இருக்கும்வரைதான் தள்ளுபடி. சித்தப்பா தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மலை உயரத்தில் காற்று லேசாக இருக்கும், ரத்தம் பெருகும், அதற்காகத்தான் இங்கே கூட்டி வருகிறார்கள் என்று எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்ல நாலு நாள் இருந்தா ஒண்ணும் ஊறாதும்மா. எனக்கு வேண்டியது சரிவும் குளிரும்தான்." கோலாலம்பூரில் காலை பத்து மணிக்குள் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். இங்கே அதே நேரத்தில் இன்னொரு சுற்று ஓடச் சொல்லலாம். வானொலியில் பேசிப் பழகியவர்களுக்கு இந்த வியாதி உண்டு, தெரியாததையும் தெளிவான உச்சரிப்பில் சொல்லிவிடுவோம்.

தோட்டத்துச் சாலையில் அவர்கள் ஓடியதைப் பார்த்தேன். இருபுறமும் வெட்டிவிட்ட தேயிலைச் செடிகள், மேட்டில் இரண்டு பேர் இருமுனையும் பிடித்து இயந்திரத்தால் கொழுந்து வெட்டுகிறார்கள். பாட்டி காலத்தில் அது கைவேலை, முதுகில் கூடை. லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, மூச்சு வாங்கி நின்ற பெண்களைப் பார்த்து, "கையில ஒண்ணுமே இல்லாம ஓடறதுக்கே இப்படியா? கூடையோட ஏறிப் பாருங்கடி" என்றார். பாப்பா மட்டும் திரும்பி வந்து அவர் காலைத் தொட்டுவிட்டு மறுபடி ஓடினாள். அன்று கடைசியாக வந்ததும் அவள்தான்.

மூன்றாம் நாள் மாலை, ஊர்த் திடலில் தங்களுக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். அப்பாவையும் கூட்டிப் போனேன். சர்க்கரை நோய் அவர் பார்வையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. முதல் நாள் மருத்துவர், "இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது" என்று சொல்லியிருந்தார். திடல் பச்சையாகத் தெரிகிறது, ஆட்கள் நிழலாகத் தெரிகிறார்கள், பந்து தெரியவில்லை என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ ரேடியோவில பேசறவதானே? பந்து எங்கே, சொல்லும்மா" என்றார்.

பதினோரு வருடமாக மைக் முன்னால் பேசுகிறேன். பாட்டு, விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து. ஹாக்கி வர்ணனை செய்ததே இல்லை. புல் திடலில் பந்து குண்டும் குழியுமாகத் துள்ளியது. நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அது மறுபக்கம் போய்விடும். "இடப்பக்கம்... இல்லப்பா, நடுவில... வட்டத்துக்குள்ள வந்துட்டாங்க" என்று திணறினேன்.

"பேரைச் சொல்லு. பேரைச் சொன்னா எனக்குத் தெரியும்" என்றார்.

1975 மார்ச்சில் உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. லயத்தில் ஒரு வீட்டு வானொலியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்களாம். வர்ணனை அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பெயர்கள் புரிந்தன. அணித்தலைவர் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜன், பாலசிங்கம். அரையிறுதியில் இந்தியாவை 2-1 என்று முந்தி நின்றோம். முடியப் போகும் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் 3-2 என்று தோற்றோம். நான்காம் இடம். அஸ்லாம் ஷேர் கானை அப்பா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதனால் பெயர்களைச் சொன்னேன். தெரியாத பெண்களுக்குச் சட்டை எண். பெனால்டி கார்னர் வந்தபோது, "பாப்பா கோல்ல நிக்கிறாப்பா, இன்னும் நாலு பேர் கோட்டில" என்றேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடி விழுந்தது. முதல் அடியைக் காலால் தள்ளினாள். திரும்பி வந்த பந்து அவள் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே போனது.

நான் சட்டென்று வாய் மூடிவிட்டேன். ஒரு நொடி, தடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"போச்சா?" என்றார்.

"போச்சுப்பா."

"முதல் அடியைத் தடுத்தாளா?"

"தடுத்தா."

"அதை ஏன் சொல்லாம விட்ட?" என்று கடிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. பாப்பா இரண்டாவது கோல் காவலர். நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப முதல் ஆட்டத்தில இறங்குவாளா?"

"வெளியேதான் உட்கார்ந்திருப்பாப்பா. காவலருக்கு அடிபட்டா இறங்குவா."

"கவசமெல்லாம் போட்டுக்கிட்டா?"

"ஆமா, தயாரா இருக்கணுமே."

"சரி. அன்னைக்கு லீவு கேட்டுடு" என்றார்.