கீழே குப்பை எரியுது... மேலே சறுக்கு விளையாட்டு! கோபன்ஹேகனின் விநோத 'மலை'

டென்மார்க்கில் மலைகளே கிடையாது. நாட்டின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 171 மீட்டர்தான். ஆனாலும் தலைநகர் கோபன்ஹேகனில் கோடைக்காலத்தில்கூட பனிச்சறுக்கு விளையாடலாம். அதுவும் குப்பை எரிக்கும் ஆலையின் கூரை மேல்!

ஆலையின் பெயர் அமாகர் பாக்கே. செல்லப்பெயர் 'கோபன்ஹில்'. 2017-ல் ஆலை இயங்கத் தொடங்கியது. 2019-ல் கூரை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

சறுக்குப் பாதையில் இருப்பது பனி அல்ல, பச்சை நிற பிளாஸ்டிக் விரிப்பு. சறுக்கத் தெரியாதா? கவலை வேண்டாம். மரம், செடிகளுக்கு நடுவே நடந்தே உச்சிக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. தைரியசாலிகளுக்கு 85 மீட்டர் உயர ஏறுசுவர் இருக்கிறது. உச்சியில் நின்றால் கடலில் வரிசைகட்டி நிற்கும் 20 காற்றாலைகளும், ஸ்வீடனுக்குச் செல்லும் ஓரேசுண்ட் பாலமும் தெரியும்.

காலுக்குக் கீழே...

ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டன் குப்பையை எரிப்பதற்காகத் திட்டமிடப்பட்ட ஆலை இது. அந்த வெப்பத்தில் நீராவி உருவாகி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. மிச்ச வெப்பம் சுடுநீராக மாறி, நிலத்தடிக் குழாய்கள் வழியே போய் நடுங்கும் குளிரில் வீடுகளைக் கதகதப்பாக்குகிறது.

எல்லாமே பசுமையா?

இல்லை. எரியும் குப்பையில் உணவு மிச்சம், காகிதம், மரத்துண்டு போன்றவைதான் புதுப்பிக்கத்தக்க எரிபொருள். பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணிகளும் கச்சா எண்ணெயிலிருந்து பிறந்தவை. அவற்றை எரிப்பதும் பெட்ரோலியத்தை எரிப்பதும் ஒன்றுதான். அதனால்தான் சர்வதேச எரிசக்தி முகமை நகரக் குப்பையை இரண்டாகப் பிரிக்கிறது. சரியான விவரம் இல்லாத நாடுகளுக்குப் பாதி புதுப்பிக்கத்தக்கது, பாதி அப்படி இல்லாதது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது.

இந்தப் 'பாதி'தான் கோபன்ஹேகனின் கனவைக் கலைத்தது. 2025-க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகராக வேண்டும் என்பது 2012-ல் போட்ட திட்டம். அதற்கு அமாகர் பாக்கேயின் கார்பன் டை ஆக்சைடை முழு அளவில் பிடித்துச் சேமிக்க வேண்டியிருந்தது. நிதி கிடைக்கவில்லை. 2022-ல் நகரம் அந்த இலக்கைக் கைவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கள் தரம் பிரித்துப் போடப் போட, எரிக்கக் குப்பை குறைகிறது. ஆனால் உலையை வெறுமனே வைத்திருந்தால் நஷ்டம். அதனால் பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளின் குப்பை டென்மார்க்குக்கு இறக்குமதியாகிறது! நாட்டின் எரிப்புத் திறனை 30 சதவிகிதம் குறைப்பதென்று 2020-ல் முடிவானது இதனால்தான்.

கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதை மக்களுக்குக் காட்ட, புகைபோக்கியிலிருந்து அவ்வப்போது பெரிய நீராவி வளையம் விடலாம் என்று ஆலையை வடிவமைத்தவர்கள் யோசித்திருந்தார்கள். அது நடக்கவில்லை. சறுக்க வருபவர்களின் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை நீராவி மட்டுமே. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறம் கிடையாதே!