பேராவூரணி வழியே பள்ளத்தூருக்கு

அன்புள்ள கமலா,

பேராவூரணி வந்து சேர்ந்தேன். கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. தண்ணீர் எட்டுகிற இடத்தில் நெல், மற்ற இடமெல்லாம் தென்னை. 2018-இல் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி வைத்த கன்றுகள் நன்றாகப் பிடித்து வளர்ந்திருக்கின்றன.

இந்த வழியாக வந்ததற்குக் காரணம் நடிகை மனோரமா. அவர் பிறந்த மன்னார்குடிக்கும் வளர்ந்த பள்ளத்தூருக்கும் இடையில்தான் இந்த ஊர் இருக்கிறது. 1937-இல் பிறந்த அந்தக் குழந்தையின் பெயர் கோபிசாந்தா. கணவர் கைவிட்ட பிறகு, தாய் ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுக்குப் போய், வீட்டு வேலை செய்து வளர்த்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் சிறுமிக்குக் குரல் இருந்தது. பள்ளத்தூரில் நாடகம் போட வந்தவர்களுக்குப் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட, மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான்.

நீலகண்டப் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ இல்லாமல் இருக்காதாம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு ஆர்மோனியம் தொடங்கினால் விடியும்வரை நாடகம். "பபூனை வாயடைக்கத் தெரிஞ்சாத்தாம்மா அது ஸ்திரீபார்ட்டு" என்றார். மனோரமா அதிகம் நடித்தது சமூக நாடகங்களில்தான். ஆனாலும் நாகேஷோடும் சோவோடும் அவர் பேசும் காட்சிகளை நினைத்துப் பார். எதிராளி வாய் மூடுமுன் பதில் வந்து விழும். அது கேமரா முன்னால் நின்று கற்றதல்ல, கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தவரைத் தூங்கவிடாமல் பிடித்துவைத்த கலை.

எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில், கலைஞர் எழுதிய 'மணிமகுட'த்தில் பெயர் வாங்கினார். அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்தவர் அவர். 1958-இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் தந்தார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அப்புறம் சினிமா அவரை மீண்டும் நகைச்சுவைக்கே அனுப்பிவிட்டது. எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. சிரிக்க வைப்பவரை நாம் ஒரு படி கீழேதான் வைத்தோம். 'புதிய பாதை' படத்துக்காகத் தேசிய விருது வந்தபோது அவர் திரைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார், சரி. எண்ணிக்கையைப் பாராட்டுவது நமக்குச் சுலபமாக இருந்தது.

'தில்லானா மோகனாம்பா'ளை (1968) மறுபடி ஒருமுறை பார். அதில் மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணியும் நாடகக்காரிதான். பூச்சும் மினுக்கும் குழைவும் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு அவள் கண்கலங்கும் இடத்தில், ஊர் ஊராகப் போய் ஆடும் ஒருத்தி இன்னொரு கலைஞனை மதிக்கும் விதம் தெரிகிறது. தான் வந்த கூட்டத்தைக் கேலிப்பொருளாக்காமல் அந்த வேடத்தை அவர் காப்பாற்றினார். சிவாஜியும் பத்மினியும் பாலையாவும் நிறைந்த படத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான்.

மேடை நடிப்பு எப்படி நினைவில் நிற்கிறது என்று யோசிக்கும்போது ஓர் ஒப்பீடு தோன்றுகிறது. இங்கிலாந்து நடிகை ஜூடி டெஞ்ச் ஓல்டு விக் நாடகக் குழுவில், 'ஹாம்லெட்'டின் ஒஃபீலியாவாக மேடை ஏறியது 1957-இல். மனோரமா தமிழ்த் திரைக்கு வந்ததும் ஏறத்தாழ அதே சமயம். டெஞ்ச் மேடையிலிருந்து ஆஸ்கர் வரை போன கதையை ஆண்டு வாரியாகப் படிக்கலாம். ஓல்டு விக் அரங்கம் லண்டனில் இன்றும் நாடகம் நடத்துகிறது. நம் நாடகக் கொட்டகையை விடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மனோரமாவின் படங்கள் மிஞ்சின. மேடையில் அவர் எப்படி நின்றார், எப்படிப் பாடினார் என்பது பார்த்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் எண்பது தாண்டிவிட்டது.

நாளை அறந்தாங்கி, காரைக்குடி வழியாகப் பள்ளத்தூர் போகிறேன். உன் அம்மா சின்ன வயதில் 'மணிமகுடம்' பார்த்ததாக ஒருமுறை சொன்னார்களே. எந்த ஊரில், எந்தத் திடலில், மனோரமா என்ன பாட்டுப் பாடினார், ஞாபகம் இருப்பதையெல்லாம் கேட்டு எனக்கு எழுது. தள்ளிப்போடாதே.

அன்புடன்,
வசந்தா