பேந்து, மறுகா, அப்புறம்

பொட்காஸ்ட் கேக்கிறனாங்கள் எண்டு சொன்னால் உடனே வருகிற கேள்வி, “இங்கிலிஷ் இம்ப்ரூவ் பண்ணவோ?” என்பதுதான். கலைப்பீடத்துப் பெட்டையள் மூன்று பேர் இரவு பத்து மணிக்கு ஒரு ஃபோனைச் சுற்றி இருந்து விஞ்ஞானம் கேட்பதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று ஆட்களுக்குத் தோன்றுவதில்லை. தொடக்கத்தில் அதுவும் ஒரு காரணம்தான். அதற்காக மட்டும் என்றால் இரண்டு கிழமையில் விட்டிருப்போம்.

எங்கட பட்டியலுக்கு ஒரு ஒழுங்கும் இல்லை. விஞ்ஞானம், மொழியியல், பகிடி எல்லாம் கலந்து கிடக்கும். கம்பஸ் வைஃபையில் பகலில் இறக்கி வைத்துவிட்டு இரவில் கேட்போம். பாதி விளங்கும். மீதியை மூன்று பேரும் சேர்ந்து ஊகிப்போம். அந்த ஊகம்தான் பல நாள் பொட்காஸ்டை விட நல்லாயிருக்கும்.

உதாரணத்துக்கு, 2014 இல் தொடங்கிய ‘நோ சச் திங் அஸ் எ ஃபிஷ்’. மீன் என்று ஒன்று இல்லை என்பதுதான் பெயரின் அர்த்தம். பிபிசியின் ‘கியூஐ’ நிகழ்ச்சிக்குத் தகவல் தேடிக் கொடுக்கிற நாலு பேர், ஆளுக்கொரு தகவலோடு வந்திருந்து அலட்டுவார்கள். பெயருக்குப் பின்னால் உண்மையான உயிரியல் இருக்கிறது. நாங்கள் மீன் என்று சொல்கிற எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. பாரை மீனுக்கு, சுறாவை விட நாங்கள்தான் நெருங்கின சொந்தம். பாரைக்கும் எங்களுக்கும் எலும்பு. சுறாவுக்கு வெறும் கசியிழையம்.

இதைக் கேட்ட அன்றைக்கு எங்களில் யாழ்ப்பாணத்துக்காரி சொன்னாள், “எங்கட ஊரில இது எப்பவோ தெரியும். கோழியும் மச்சம், முட்டையும் மச்சம்.” ஹற்றன்காரிக்குத் தலை சுற்றியது. அவளுக்கு மச்சம் என்றால் கன்னத்தில் இருக்கிற கறுப்புப் புள்ளி. மீனைக் குறித்த வடசொல் யாழ்ப்பாணத்துக் குசினிக்குள் வந்து, சைவம் அல்லாத எல்லாவற்றுக்கும் பெயராகி, மச்சச் சட்டி, மரக்கறிச் சட்டி என்று பாத்திரத்தையும் பிரித்துவிட்டது. விலங்கியலில் தொடங்கின கதை வெள்ளிக்கிழமை விரதத்தில் வந்து முடிந்தது.

‘தி இன்ஃபினிட் மங்கி கேஜ்’ 2009 இல் பிபிசி ரேடியோ 4 இல் தொடங்கியது. பௌதிகவியலாளர் பிரையன் கொக்ஸும் நகைச்சுவையாளர் ரொபின் இன்ஸும் சேர்ந்து தொடங்கினது. அதில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பகிடி, பிடுங்கின ஸ்ட்ராபெரி எப்போது சாகிறது என்பது. நாங்கள் அதைக் கிளுவங் கதியாலுக்கு மாற்றினோம். வெட்டி, அடுக்கி, காயவிட்டு, வேலிக்கு நடுகிறோம். மழைக்குப் பார்த்தால் தளிர் விட்டு நிற்கும். அப்போ அது எப்ப செத்தது? சாகவேயில்லை. தோலுக்குக் கீழே இருக்கிற மாறிழையக் கலங்கள் உயிரோடு இருந்து வேர் விடுகின்றன. சின்ன வயதிலிருந்து தெரிந்த வேலியைப் பற்றி இந்தக் கேள்வியை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சாதாரண தரத்தோடு கலைக்கு வந்தவர்களுக்கு விஞ்ஞானம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒன்று கவனித்தோம். விஞ்ஞானம் விளங்க அதிகம் கஷ்டமில்லை. கடைசியாக விளங்குவது பகிடிதான். கலம், பரம்பரையலகு எல்லாவற்றுக்கும் அகராதியில் சொல் இருக்கிறது. பகிடிக்கு அவர்கள் சின்னனில் பார்த்த டிவி, தின்ற பிஸ்கட், அவர்களின் வாத்திமார் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே சபை சிரித்து ஓய்ந்த பிறகுதான் எங்களில் ஒருத்தி “ஆ...” என்பாள். ஒரு மொழி எங்களுடையதா இல்லையா என்பதை அந்த இரண்டு செக்கன் காட்டிக்கொடுத்துவிடும்.

‘லிங்தூசியாசம்’ எங்களுக்கு மிக நெருக்கமானது. கனடாவின் கிரெச்சன் மெக்கலக்கும் அவுஸ்திரேலியாவின் லோரன் கோனும் 2016 இலிருந்து நடத்துகிற மொழியியல் நிகழ்ச்சி. முழு எழுத்துவடிவமும் இணையத்தில் போடுகிறார்கள், தவறவிட்டதை வாசித்துக்கொள்ளலாம். இரண்டு பேரின் உச்சரிப்பும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தையே எடுத்து வைத்துக் கதைப்பார்கள். யாருடையது சரி என்ற கேள்வியே வராது.

எங்கட வகுப்பில் வரும். ஹற்றன்காரி முதல் வருடம் டுட்டோரியலில் எழும்பி ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி நல்ல கேள்வி. பின்வரிசையில் சிரித்தது அவளுடைய “என்னாங்க சேர்” என்பதற்கு. பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அவள் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை. மட்டக்களப்புக்காரி தன்னுடைய “மறுகா”வை விடுதி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள், செருப்பு மாதிரி. இது ஒருவருக்கும் பெரிய விசயமாகத் தெரியாது. சும்மா பகிடி என்பார்கள்.

அறைக்குள் மட்டும் கதை வேறு. ஒருநாள் ஹற்றன்காரி வந்து, “சேர் இன்னைக்கு என்கூட ரொம்ப நேரம் பேசினாரு” என்றாள். யாழ்ப்பாணத்துக்காரி பதறிப்போய், “ஏன், நீ என்ன செய்தனி?” என்றாள். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. அன்றைக்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். இரண்டு செக்கன் பிந்தவில்லை. டுட்டோரியலில் வந்ததும் சிரிப்புத்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தி வாயை மூடினாள். இதற்குப் பிறகு நாங்கள் விடியும்வரை கதைத்தோம்.

இலங்கை வானொலிக்கு இந்தச் சிரிப்பு புதிதில்லை. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நாடகத்தில் வேறு வேறு தமிழ் பேசுகிற ஆட்கள் ஒரே மைக்குக்கு முன்னால் நின்றார்கள். 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயரே ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் விஞ்ஞானமும் புதிதில்லை. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். 1875 இல் வந்த இரசாயன நூலுக்குப் பெயர் ‘கெமிஸ்தம்’. இப்போது கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்தத் துணிச்சல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இங்கே விஞ்ஞானம் ஒரு பக்கம், பகிடி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கதிரையில் இருத்தினது நாங்கள் அவ்வளவாகக் கேட்டதில்லை.

அதனால் போன மாதம் ஃபோனில் ஒன்று பதிந்து பார்த்தோம். தலைப்பு கதியால். முதல் தடவை மூன்று பேருக்கும் செய்தி வாசிப்பாளரின் குரல் வந்துவிட்டது. “வணக்கம் நேயர்களே” என்று தொடங்கி எங்களுக்கே நித்திரை வந்தது. இரண்டாம் தடவை எந்தத் தமிழில் கதைப்பது என்று சண்டை. கதை சொல்லும்போது ஒரு விசயத்திலிருந்து அடுத்ததுக்குப் போக ஒரு சொல் வேண்டும். ஒருத்திக்கு அது “பேந்து”, ஒருத்திக்கு “மறுகா”, ஒருத்திக்கு “அப்புறம்”. பொதுவாக “பின்னர்” என்று வைக்கலாம் என்றோம். அதை எங்கட வீடுகளில் ஒருவரும் சொல்வதில்லை.

மூன்றாம் தடவை அவரவர் சொல்லை அவரவர் வைத்துக்கொண்டோம். பதினொரு நிமிசம் வந்தது. வெட்டின கிளுவை காயக் காய எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நடுவில் ஹற்றன்காரி கேட்கிறாள். அது எங்களுக்குத் தெரியாது, தோட்டம் வைத்திருக்கிற ஆட்களிடம்தான் விசாரிக்க வேண்டும். அந்த இடத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறோம்.