ராயக்கோட்டைக்கு கேமராவோடு வந்த கேப்டன்

ஓசூரிலிருந்து தருமபுரி போகும் ரயில் ராயக்கோட்டையை நெருங்கினால், ஜன்னலோரக்காரர்கள் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். கோட்டை மலை அப்படி! இதே மலையைப் படமெடுக்க 160 வருடங்களுக்கு முன்பே ஒருவர் மாட்டுவண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு வந்தார்.

பெயர் லின்னேயஸ் ட்ரைப். பெங்களூரில் இருந்த மதராஸ் ராணுவ அதிகாரி. கேமரா அவருக்குப் பொழுதுபோக்குதான். 1854-ல் சொந்த ஆர்வத்தில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1856-ல் மதராஸ் அரசு அவரையே தன் போட்டோகிராபராக நியமித்தது. பிடித்த வேலைக்கே சம்பளம், யாருக்குக் கிடைக்கும்?

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று நாலு மாதத்துக்கும் மேல் பயணம். ஃபிலிம் ரோல் எல்லாம் அப்போது ஏது? மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். பல நிமிடம் கேமரா அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் வானம் மட்டும் வெறுமையாகவே விழும். மனிதர் விடவில்லை. நெகட்டிவ் மேலேயே பிரஷ்ஷால் மேகம் வரைந்தார். ஃபில்டர் போடும் பிள்ளைகளை இனி யாரும் திட்ட வேண்டாம்!

1858-ல் ராயக்கோட்டைப் படங்கள் தனித் தொகுப்பாகவே வந்தன. அடுத்த வருடம் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யனுக்கோ இது ஆடம்பரச் செலவாகத் தெரிந்தது. 1860-ல் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். ட்ரைப் 1902 வரை வாழ்ந்தார். அந்த 42 வருடங்களில் அவர் கேமராவைத் தொட்டது மிக அபூர்வம்.