கார்த்திகையில் பூக்கிற மரம்

போன வருசம் கார்த்திகையில, நண்பர் ஒருத்தர் கூட உத்தரகாண்ட் கார்வால் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். கேழ்வரகு அறுத்து முடிச்ச நேரம். படிப்படியா இறங்கற வயலெல்லாம் வெறுமையா கிடந்துச்சு. வரப்போரமா ஒரே ஒரு மரம் மட்டும் உச்சி வரைக்கும் ரோஸ் நிறத்துல பூத்து நின்னுச்சு. கிட்டப் போனா ஒரே இரைச்சல். அத்தனையும் தேனீ!

நாங்க தங்கின வீட்டுப் பாட்டி அதை 'பய்யா'ன்னு சொன்னாங்க. இமயமலைக் காட்டு செர்ரி. ஜப்பான் செர்ரி குளிர் முடிஞ்சு பூக்கும். இது குளிர் தொடங்கறப்ப பூக்கும். பழம் சின்னது, புளிப்பும் துவர்ப்புமா இருக்கும். பறவைங்கதான் தின்னு விதையைப் பரப்புது. தாய்லாந்துல சியாங் மாய் பக்கம், அழிஞ்ச காட்டை மீட்க முதல்ல நடற மரங்கள்ல இதுவும் ஒண்ணு. சீக்கிரம் வளரும், தேடி வர்ற பறவைங்க மத்த மரத்து விதைகளையும் கொண்டுவந்து போடும்.

பாட்டி வீட்டுக் கல்சுவருக்குள்ளயே தேன்கூடு இருக்கு. வெளிப்பக்கம் தேனீ போக சின்ன ஓட்டை, உள்பக்கம் பலகை மூடி. டெல்லியில வேலை பார்க்கிற மகன், இதை இடிச்சிட்டு கான்கிரீட் வீடு கட்டலாம்ங்கிறாராம். பாட்டி ஒத்துக்கலை. "சுவர் போனா தேனீ எங்க போகும்?"

மரத்தைப் பத்திக் கேட்டேன். "விறகுக்கு வெட்ட மாட்டோம். கல்யாணப் பந்தலுக்கு மட்டும் கிளை ஒடிப்போம்"னாங்க. நண்பர்தான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, என் வரப்புல தானா முளைச்ச மரங்களை 'தண்டத்துக்கு நிக்குது'ன்னு வெட்டி விறகுக்கு வித்தவன் நான். அடுத்த மழைக்காலத்துல மூணு தேனீப் பெட்டி காலி. சர்க்கரைப்பாகு வெச்சுப் பார்த்தும் நிக்கலை. அப்ப மழையைத்தான் திட்டிட்டு இருந்தேன்.

கிளம்பறப்ப ஒரு கன்று கேட்டேன். பாட்டி சிரிச்சாங்க. "உங்க ஊர் வெயிலுக்கு இது வராதுப்பா. அங்க இந்த மாசம் என்ன பூக்கும்?"

நாற்பது வருசமா நடக்கிற வரப்பு. பதில் தெரியலை.

ஊருக்கு வந்ததும் ஒரு நோட்டு வாங்கினேன். மாசம் போட்டு, காட்டுல பூக்கிறதையெல்லாம் எழுதிட்டு வர்றேன். சித்திரைக்கு ரெண்டு பக்கம் போதலை. கார்த்திகைப் பக்கத்துல மூணே வரிதான் இருக்கு. அந்த மூணையும் இந்த வருசம் வரப்புல நட்டிருக்கேன்.